உதயசீலன் திரும்பி நின்ற கதை

கிளுவம்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் பூக்கடைக்கும் நடுவில், சவுக்குக் கட்டைகளைக் கட்டி நிறுத்தியிருந்த ஃபிளக்ஸில் சிரித்துக்கொண்டிருந்த நடிகர் உதயசீலன், ஒரு திங்கட்கிழமை காலை, பால்வண்டிகள் போய்ப் பள்ளிக்கூட வேன்கள் வருவதற்கு இடைப்பட்ட நேரத்தில், ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அவர் ஏன் திரும்பினார் என்பதற்கு அன்று மத்தியானத்துக்குள் ஊரில் ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிட்டது. சரியான காரணம் தெரிந்தவள் ஒருத்திதான். கடைவீதி மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கோகிலவாணி. அவளை யாரும் கேட்கவில்லை.

கோகிலவாணி படம் வரைவாள். கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகும் விடாமல் வரைகிறாள். அதுவும் உதயசீலன் ஒருவரைத்தான் வரைவாள். சர்க்கரைக்கும் சளிக்கும் பிரஷருக்கும் ஊர் சாப்பிடுகிற மாத்திரைகள் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, அச்சடிக்காத உட்புறத்து வெள்ளையில், மடிப்புக் கோடுகள் அவர் நெற்றியிலும் தோளிலும் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டு, பென்சிலால் கோடிழுத்து, காது குடைகிற பஞ்சுக்குச்சியால் நிழல் தேய்ப்பாள். கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளையில் வரைவாள், வீட்டில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது வரைவாள். ‘இந்த வயசுல என்ன சினிமாக்காரன் படம்’ என்று கேட்டவர்கள் உண்டு. எந்த வயதில் வரையலாம் என்று அவர்கள் யாரும் சொன்னதில்லை.

உதயசீலனின் அடிதடிப் படங்களில் அவளுக்கு ஈடுபாடு கிடையாது. அவர் பெரிய ஆளாவதற்கு முன்னால் நடித்து, பாலாம்பிகா தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாமல் பெட்டிக்குள் போன ஒரு படத்தில் அவர் டவுன் பஸ் கண்டக்டர். அதில் படியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, கிழிந்த சட்டைக் கையோடு, சில்லறை இல்லாமல் நிற்கிற ஒரு பெண்ணை அவர் திரும்பிப் பார்ப்பார். காதலாகப் பார்க்க மாட்டார், இரக்கமாகவும் பார்க்க மாட்டார், எதிரே நிற்கிறது ஓர் ஆள் என்று தெரிந்த மாதிரி பார்ப்பார். அவ்வளவுதான் அந்தப் பார்வை. நாள் முழுக்க மருந்துச் சீட்டை நீட்டுகிற கைகளையும், மாத்திரையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற கண்களையும் பார்த்துச் சலித்த கோகிலவாணிக்கு அந்தப் பார்வை நெஞ்சில் தங்கிவிட்டது. அதைத்தான் அவள் அட்டை அட்டையாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வரைகிற முறையே வேறு. எல்லோரும் படத்தை முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள், இவள் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் படத்தையே தொடங்குவாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் வரைந்த மயில், பெயரெழுத மறந்த ஒரே காரணத்துக்காக, வேறொருத்தி பெயரில் பரிசு வாங்கி, அசெம்பிளியில் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனதை அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து அட்டையின் அடியில் முதலில் கோகிலவாணி, கோகிலவாணி, கோகிலவாணி என்று எறும்பு வரிசையாகத் தன் பெயரை எழுதுவாள். அந்தப் பெயர்களைத்தான் தரையில் விழுகிற நிழலாக்குவாள். அந்த நிழலிலிருந்து செருப்பு, செருப்பிலிருந்து கால், காலிலிருந்து மேலே என்று உதயசீலன் முளைத்து வருவார். சும்மா பார்த்தால் நிழல் மாதிரித்தான் இருக்கும், குனிந்து பார்த்தால் அவர் அவள் பெயர்மேல் நிற்பது தெரியும்.

அப்படி வரைந்ததிலேயே நன்றாக வந்த ஒன்றை அவள் போன் ஸ்டேட்டஸில் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மன்றம் நாச்சிமுத்து கடைக்கு வந்தான். பேட்டரிக் கடை வைத்திருக்கிறவன், உதயசீலன் ரசிகர் மன்றத்துக்கு நகரத் தலைவன், தலைமுடிக்குக் கறுப்பு மை போட்டுத் தன்னையும் உதயசீலன் வயசுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறவன்.

“ஏனம்மிணி, அது நீ வரஞ்சதா?” என்றான். “அண்ணனோட புதுப் படத்துக்கு ஃபிளக்ஸ் வெக்கறோம். அதையே போட்டுக்கறேன். கம்ப்யூட்டர்ல பண்ணுனதெல்லாம் ஒரே மாதிரி இருக்குது.”

கோகிலவாணி கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். “போட்டுக்குங்ண்ணா. பேரு மட்டும் இருக்கட்டும்” என்றாள்.

“அது இல்லாமயா?” என்றான் நாச்சிமுத்து. வாயு மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போனான்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு நடந்தே போனாள். ஃபிளக்ஸ் எட்டு ஆள் உயரத்துக்கு நின்றது. மேலே ‘எங்கள் குலசாமியே’ என்று சிவப்பு எழுத்து. நடுவே அவள் வரைந்த உதயசீலன், அவள் பஞ்சுக்குச்சியால் தேய்த்த கன்ன நிழலோடு, அதே பார்வையோடு. முழங்கால் வரைக்கும்தான் இருந்தார். முழங்காலுக்குக் கீழே காலில்லை, செருப்பில்லை, நிழலில்லை, பெயருமில்லை. அந்த இடத்தில் வட்டம் வட்டமாக மன்றத்து ஆட்களின் மூஞ்சிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன, கறுப்புக் கண்ணாடி போட்டவன், போன் பேசுகிற மாதிரி நிற்கிறவன், கும்பிடுகிறவன், எல்லோரும். முதல் வட்டம் நாச்சிமுத்து. அவன் தாடைக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் ‘ஓவியம்: நகரத் தலைவர் நாச்சிமுத்து’ என்று இருந்தது.

அவள் அழவில்லை. கட்டியிருந்த நல்ல புடவைதான் முதலில் அவளைக் கேவலப்படுத்தியது. மேலே பார்த்தாள். உதயசீலன் அவளை அந்தப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார், எதிரே நிற்கிறது ஓர் ஆள் என்று தெரிந்த மாதிரி. அதைத் தாங்க அவளால் முடியவில்லை.

“என்ற மூஞ்சியப் பாக்காதீங்க” என்றாள். “திரும்பிக்குங்க.”

அவர் திரும்பிக்கொண்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆண்பிள்ளை அந்த ஊரில் அவர் ஒருவர்தான்போல.

அவள் வேலைக்குப் போய்விட்டாள். அவர் பேருந்து நிலையத்தில் மட்டும் திரும்பவில்லை. அந்தப் படம் எங்கெங்கே போயிருந்ததோ அங்கெல்லாம் திரும்பியிருந்தார். சந்தைப்பேட்டை ஃபிளக்ஸில், மன்றத்து பனியன்களில், ஆட்டோக்களின் பின் கண்ணாடி ஸ்டிக்கரில், ஊர்ப் பையன்களின் போன் முகப்பில், எங்கே பார்த்தாலும் கசங்கிய சட்டை முதுகும் பின்கழுத்து முடியும்தான். அச்சுப் பிழை என்று நினைத்து நாச்சிமுத்து ஃபிளக்ஸ் கடை ரபீக்கைத் திட்டி வேறொன்று அடிக்கச் சொன்னான். மெஷினிலிருந்து முகமாக வந்தது. சாரத்தில் ஏற்றிக் கட்டி ஏணியை எடுப்பதற்குள் முதுகாகிவிட்டது. இன்னொன்று அடித்தார்கள், அதுவும் அப்படித்தான். நாச்சிமுத்து மன்றத்துக் கொடிக்கம்பத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுந்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அண்ணன் நமக்கு முன்னால நடக்கறாரு,” என்றான். “முன்னால போறவரோட முதுகுதானப்பா பின்னால வர்றவனுக்குத் தெரியும்?”

பையன்கள் விசிலடித்தார்கள். விவகாரம் அத்தோடு முடிந்தது. இத்தனை சுலபமாக ஒரு ஊர் ஒரு முதுகை ஏற்றுக்கொள்ளும் என்று கோகிலவாணி எதிர்பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே முதுகுக்குப் பாலாபிஷேகம் நடந்தது. ஏணியில் ஏறிப் பின்கழுத்தில் குடத்தைக் கவிழ்த்தார்கள், பால் சட்டை மடிப்புகளில் இறங்கி மன்றத்து ஆட்களின் மூஞ்சிகள்மேல் வழிந்து சாக்கடைக்குப் போனது. பூக்கடைக்காரம்மா மாலையின் முடிச்சு முன்பக்கம் போகிற மாதிரி புதுவிதமாகக் கட்டப் பழகிக்கொண்டாள். சலூனில் இதுவரை யாரும் கண்டுகொள்ளாத பின்கழுத்துக்குத் திடீரென்று மதிப்பு வந்து, ‘சீலண்ணன் கட்டிங்’ என்று எழுதிப்போட்டு, வருகிறவனுக்குத் தன் பிடரியைக் காட்ட இரண்டாவது கண்ணாடி வாங்கி மாட்டினார்கள். நெஞ்சில் அந்தப் படத்தைப் பச்சை குத்திக்கொண்டிருந்த ஆட்டோ மூர்த்தி, தோலுக்குள் திரும்பி நின்ற தலைவரைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்தான், அவர் என் இருதயத்தைப் பார்க்கிறார் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னான். “பாத்துட்டு, உள்ள ஒண்ணுமில்லீன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றாள் அவன் மனைவி.

வைகாசி முகூர்த்தத்தில் கல்யாண ஃபிளக்ஸ்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் முதுகைக் காட்டி நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிறபோது பிள்ளைகள் கேமராவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். வார்டு கவுன்சிலர் தன் பிறந்தநாள் ஃபிளக்ஸில் திரும்பி நின்றார், அந்த மனிதர் பார்க்க இத்தனை நன்றாக இருந்து ஊர் கண்டதில்லை. வேறு நடிகரின் ரசிகர்கள் பொறாமை தாங்காமல் தங்கள் தலைவரின் ஃபிளக்ஸைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார்கள், வெறும் வெள்ளைத் துணிதான் தெரிந்தது.

இத்தனையும் நடந்தது, ஒருவராவது ‘இதை வரைந்தது யார்’ என்று கேட்கவில்லை. காலில்லாமல் ஒருவர் எப்படி முன்னால் நடக்கிறார் என்றும் யாரும் கேட்கவில்லை. கோகிலவாணி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த முதுகுகளைப் பார்த்தாள். அவள் உதயசீலனின் முதுகை வரைந்ததே கிடையாது. ஆனாலும் அந்தச் சட்டைக் கசங்கலில் அவள் பென்சில் இருந்தது, பிடரி முடியில் அவள் மணிக்கட்டின் சுழற்சி இருந்தது, தோளுக்கு அடியில் பஞ்சுக்குச்சி தேய்த்த மெத்தென்ற கறுப்பு இருந்தது. வரையாத பக்கத்திலும் அவள் கைதான். அதையும் சேர்த்துத் திருடிக்கொண்டார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ரபீக்கிடம் போய்க் கேட்டாள். அவன் மவுஸைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அக்கா, காலுக்குக் கீழ ஏதோ எழுத்தாட்டம் இருக்குது, மூஞ்சிக வெக்க எடமில்லீன்னாரு நாச்சிமுத்தண்ணன். வெட்டச் சொன்னாரு, வெட்டினேன்.”

“எழுத்தாட்டம் இல்ல ரபீக்கு, எழுத்தே தான்.”

“தெரியுங்க்கா,” என்றான் அவன். சொல்லிவிட்டு எழுந்து போய்த் துணிச் சுருளை மாற்றினான்.

வீட்டில் அவள் புருஷன் தங்கராசு இருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், சண்டை சச்சரவு என்றால் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போகிறவன். “விடு கோகிலா” என்பான். பெயர் போனதற்கு ‘விடு’, கால் போனதற்கு ‘விடு’. ஒரு நாள் பாத்திரம் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தவள் அவன் வேனின் பின் கண்ணாடியில் உதயசீலனின் முதுகு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

“பசங்க ஒட்டிட்டாங்க,” என்றான் தங்கராசு. “வேன் முதுகுல முதுகு, பொருத்தமாத்தான இருக்குது?”

அன்று அவள் அவனுக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள். ஊரான் செய்தால் திருட்டு என்று கத்தலாம், கட்டியவன் செய்தால் எந்தப் பெயர் சொல்லிக் கத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாச்சிமுத்து வாயு மாத்திரைக்கு மறுபடி வந்தபோது அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றாள்.

“என்ற பேர எதுக்குங்ண்ணா எடுத்தீங்க?”

நாச்சிமுத்து கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். “உன்ற நல்லதுக்குத்தான் அம்மிணி. குடும்பத்துப் பொம்பள பேரு, நடிகர் காலடியில, பஸ் ஸ்டாண்டுல. நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாங்களா? தங்கராசுக்குத்தான அசிங்கம்?”

“சரிங்ண்ணா. உங்க பேர எதுக்குப் போட்டீங்க?”

“யாராச்சும் பேரு போடோணுமில்ல,” என்றான் நாச்சிமுத்து, மனதாரச் சொன்னான், அவனுக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. “மன்றம் வேற, நீ வேறயா? அண்ணனே நம்மூருக்கு வர்றாரு, தெரியுமா? படம் ஓடுன சந்தோசத்துக்கு, பாலாம்பிகா தியேட்டருக்கு. முதுகு ஐடியாவப் பத்திக் கேள்விப்பட்டு, யாருய்யா அந்த ஓவியருன்னு கேட்டாராம். எனக்கு மேடையில சால்வை போடறாரு. நீயும் வா. பொம்பளைங்களுக்குத் தனி வரிசை.”

அவள் மாத்திரையைக் கொடுத்தாள்.

அவளிடம் மூல அட்டை இருந்தது. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். அதில் மட்டும் உதயசீலன் திரும்பவில்லை, முழுக் காலோடும் செருப்போடும், நிழலில் ஊர்கிற அவள் பெயரின்மேல், அதே பார்வையோடு நின்றுகொண்டிருந்தார். அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவள் ஒரே ஒரு விஷயத்தைத் தீர்மானித்தாள். நாச்சிமுத்து சால்வையை வாங்கிக்கொள்ளட்டும், ஊர் முதுகுக்குப் பால் ஊற்றட்டும். ஆனால் அந்த மனிதருக்கு, தான் யாருடைய பெயர்மேல் நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். இத்தனை வருஷம் அவள் அவரைப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவை அவர் அவளைப் பார்க்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

உதயசீலன் வந்த அன்று உச்சி வெயில். பாலாம்பிகா தியேட்டர் வளாகத்தில் மேடை போட்டு, மேடைக்குப் பின்னால் சுவரே தெரியாதபடி ஒரு பெரிய ஃபிளக்ஸை நிறுத்தியிருந்தார்கள். அதிலும் முதுகுதான், மேடைத் தளத்தோடு ஒட்டினாற்போல மன்றத்து மூஞ்சிகளின் வரிசை. ஜனம் கம்பித் தடுப்பில் பிதுங்கியது. உதயசீலன் ஃபிளக்ஸில் இருப்பதைவிடக் கொஞ்சம் குள்ளமாக, கொஞ்சம் களைப்பாக, நல்ல வாசனையோடு வந்து இறங்கினார். தன் முதுகை அண்ணாந்து பார்த்தார், கட்டை விரலை உயர்த்தினார், ஊர் கத்தியது.

“எல்லா ஊர்லயும் என் முகத்தைத்தான் வெப்பாங்க,” என்று மைக்கில் சொன்னார். “என் முதுகையும் ரசிக்கிற ஊரு இது ஒண்ணுதான். இதை வரைஞ்ச நாச்சிமுத்து என் தம்பி.”

சால்வை விழுந்தது. நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான், நிஜமாகவே அழுதான், தான்தான் வரைந்தோம் என்று அந்த நேரத்தில் அவனே நம்பிவிட்டான். பெண்கள் வரிசையில் மாத்திரைக் கடையின் பழுப்புக் காகித உறைக்குள் அட்டையை வைத்துக்கொண்டு நின்ற கோகிலவாணிக்கு அந்த அழுகைதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது. பொய்க்குக்கூட ஒரு கூச்சம் இருக்கும். அவன் அழுகையில் அதுவும் இல்லை.

வரிசை மேடைமேல் ஏறி நகர்ந்தது. முன்னால் போனவர்கள் கையை, சட்டையை, பிள்ளையின் நெற்றியை நீட்டினார்கள், உதயசீலன் தடித்த கறுப்பு மார்க்கரால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். கோகிலவாணியின் முறை வந்தபோது அவள் உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

“அட, இது நல்லாருக்கே,” என்றார் அவர். அட்டையைத்தான் பார்த்தார். “கண்டக்டர் கெட்டப். இந்தப் படத்தை எவனும் பாக்கலையேம்மா. எங்க வாங்கினீங்க?”

“நான் வரஞ்சதுங்க.”

“சூப்பர்மா,” என்று அட்டையின் அடிப்பக்கத்துக்கு மார்க்கரைக் கொண்டுபோனார்.

“சார், அங்க போடாதீங்க. அங்க என்ற பேரு இருக்குது.”

“எங்க? நிழல்தானே இருக்கு?”

“நிழல் இல்லீங்க. குனிஞ்சு பாருங்க, பேரு.”

பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். காவலுக்கு நின்றவன் “மேடம், நகருங்க, நகருங்க” என்றான். உதயசீலன் குனிந்து பார்க்கவில்லை. ஆயிரம் தடவை போட்டுப் பழகிய கை, அவர் சிரிப்பை அடுத்த ஆளிடம் கொண்டுபோவதற்குள், தானாகவே போட்டுவிட்டது. உதயசீலன் என்ற கொழுத்த கறுப்பு எழுத்து, செருப்பு நுனியிலிருந்து அட்டை விளிம்பு வரைக்கும், கோகிலவாணி, கோகிலவாணி, கோகிலவாணி என்ற எறும்பு வரிசைமேல் தேய்த்துக்கொண்டு போனது.

அட்டையில் இருந்தவர் அப்போது திரும்பினார். யாரும் சொல்லாமல் தானாகவே திரும்பி, தன் வேஷத்தில் நடித்த மனிதருக்கு முதுகைக் காட்டி நின்றார். நடிகர் அதைப் பார்த்தார், தலையாட்டினார். “ஓ, இதுவும் முதுகு வெர்ஷனா, நல்லா பண்றீங்க” என்றார்.

கோகிலவாணி அவர் கையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். பிடுங்கவில்லை, கடையில் யாரோ தவறாக எடுத்த பொருளைத் திரும்ப வாங்குகிற மாதிரி எடுத்தாள். மேடையின் பின்னால் நின்ற ஃபிளக்ஸை நோக்கி நடந்தாள். அவள் ஏதோ மன்றத்து வேலையாகப் போகிறாள் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை, கடைவீதி மருந்துக்கடைப் பொம்பளை என்ன செய்துவிடப்போகிறாள். ஃபிளக்ஸின் இடது மூலையில் நாச்சிமுத்துவின் வட்டமான மூஞ்சிக்கு முன்னால் நின்று, அவன் காதில் தொடங்கி, மூக்கைக் கடந்து, கறுப்புக் கண்ணாடிக்காரனையும் போன் பேசுகிறவனையும் கும்பிடுகிறவனையும் கடந்து, கடைசி மூஞ்சி வரைக்கும், ஆளுயரத்துக்கு, தன் பெயரை எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை தடிமனாக்கினாள். மார்க்கர் துணியில் கிறீச்சிட்டது. மேடை அமைதியாகிவிட்டது, வளாகம் அமைதியாகிவிட்டது.

நாச்சிமுத்து சால்வையோடு ஓடிவந்தான். “அம்மிணி, என்ன காரியம் பண்ற? அது என்ற மூஞ்சி.”

“இது என்ற பேருங்ண்ணா,” என்றாள் கோகிலவாணி. “உங்க மூஞ்சிதான் எடத்த மறச்சிட்டு இருந்துது.”

பிறகு அண்ணாந்து பார்த்தாள். கோபத்தில் அவள் குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

“இப்பப் பாருங்க.”

அவர் திரும்பினார். மேடை ஃபிளக்ஸில் திரும்பினார், பேருந்து நிலையத்தில் திரும்பினார், பனியன்களிலும் ஆட்டோக்களிலும் மூர்த்தியின் நெஞ்சிலும் தங்கராசுவின் வேனிலும் திரும்பினார். ஆனால் பழையபடி ஊரைப் பார்க்கவில்லை. மேடையில் நிற்கிற தன் அசலையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, அந்தப் பார்வையை, எதிரே இருப்பது ஓர் ஆள் என்று தெரிந்த பார்வையை, தன் காலடிக்கு இறக்கினார். முழங்காலுக்குக் கீழே இல்லாத கால்கள் எழுத்துகளின்மேல் மெல்ல மெல்ல வந்து ஊன்றின.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு அது புதிதா என்ன. மறுநாளே பேச்சு ஓடியது, அண்ணனுக்கு எத்தனை புகழ் வந்தாலும் தலை நிமிராத பணிவு என்றார்கள். பூக்கடைக்காரம்மா மாலையை மறுபடி பழையபடி கட்டினாள், சலூனில் இரண்டாவது கண்ணாடியைக் கழற்றிவிட்டு உச்சந்தலைக்கு ஒரு ஸ்டைல் கண்டுபிடித்தார்கள், கவுன்சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். பணிவாம். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது, கோபம் போகவில்லை. ஆனால் குனிந்து நிற்கிறவரைப் பார்க்கிற எவனுக்கும், அவர் அப்படி என்னத்தைப் பார்க்கிறார் என்று கண் தானாகக் கீழே போகும். போனால் அங்கே அவள் பெயர் இருக்கும். அவள் மேடையில் எழுதியது ஒரு ஃபிளக்ஸில்தான், பெயர் எல்லா ஃபிளக்ஸிலும் வந்திருந்தது. மன்றத்துப் பையன்கள் ஒரு துணியைப் பெயிண்ட் தின்னரில் நனைத்து அழிக்கப் போனார்கள். துணி முதல் எழுத்தைத் தொட்டதும் மேலே தோள்பட்டை திரும்பத் தொடங்கியது, பயந்து இறங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேனிலிருந்து அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டு போனார்கள். அது யார் என்று அவர்கள் கேட்க, தங்கராசு வண்டியை ஓரங்கட்டி, “எங்கூட்டுக்காரி” என்றான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னான். அவள் “அதுக்கு வண்டிய நிறுத்தோணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த படம் பொங்கலுக்கு என்று சேதி வந்ததும் நாச்சிமுத்து கடைக்கு வந்தான். மூஞ்சியில் மார்க்கர் ஓடிய இடம் ஃபிளக்ஸில்தான், ஆனாலும் பேசும்போது காதைத் தடவிக்கொண்டே பேசினான்.

“ஒரு வாயு மாத்திர. அப்பறம்... பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத, அம்மிணி. அண்ணனோட புதுக் கெட்டப் வந்திருக்குது. ஒண்ணு வரஞ்சு குடு. பேரும் போட்டுக்கலாம். ஓரமா.”

கோகிலவாணி மாத்திரையை எடுத்து வைத்தாள். கவுண்டருக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். இருமல் மருந்துப் பெட்டியைப் பிரித்த அட்டை, நடுவில் மடிப்புக் கோடு. அதில் கோகிலவாணி என்று எழுதி, பஞ்சுக்குச்சியால் நிழல் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் தூண் மாதிரி நிறுத்தியிருந்தாள். மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும், இடதுபுறத்திலிருந்து வலதுபுறம் வரைக்கும், அந்தப் பெயர்தான் இருந்தது.

நாச்சிமுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பேரு போட்டுட்ட. அண்ணன் எங்க?”

“பேரத்தானுங்ண்ணா மொதல்ல போடுவேன்,” என்றாள் கோகிலவாணி. “அவருக்கு எடம் இருக்குதான்னு இனிமேத்தான் பாக்கோணும்.”